குட்கெலெட் குலம்: கேட்டவையும் சொன்னவையும்

இடைக்கால ஹங்கேரியின் குலங்களைப் பற்றிப் பல வருடங்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து கேள்விகள் நிற்கவில்லை. பெரும்பாலானவை குட்கெலெட் குலத்தைப் பற்றியவை. போலந்துக்கும் டிரான்சில்வேனியாவுக்கும் (இன்றைய ருமேனியாவின் ஒரு பகுதி) ஆட்சியாளர்களைத் தந்த பாத்தோரி குடும்பம் அதிலிருந்து வந்ததுதான் காரணம்.

அண்ணா, பெயரே விநோதமாக இருக்கிறதே! இது ஊரா, ஆளா?

ஆள்தான், அதுவும் ஒருவர் இல்லை, இருவர். குட், கெலெட் என்று அண்ணன் தம்பி இரண்டு பேர் ஸ்வாபியாவிலிருந்து, அதாவது இன்றைய தென்மேற்கு ஜெர்மனியிலிருந்து, ஹங்கேரிக்கு வந்தார்கள் என்று ஹங்கேரிய வரலாற்றேடுகள் சொல்கின்றன. இரண்டு பெயரும் ஒட்டிக்கொண்டு குலப்பெயராகிவிட்டது.

அந்தக் கதையை நம்பலாமா சார்?

பாதி நம்பலாம். ஹங்கேரி அரசர் பேத்தர் காலத்தில் வந்தார்கள், ஸ்டோஃப் கோட்டையில் பிறந்தவர்கள், பேரரசர் ஃபிரடெரிக்கின் வம்சமும் அந்தக் கோட்டையிலிருந்தே வந்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஸ்டோஃப் என்பது ஸ்டௌஃபென் கோட்டை. பேத்தரின் ஆட்சி 1046-இல் முடிந்துவிட்டது. ஸ்டௌஃபென் கோட்டை கட்டப்பட்டதோ 1070-ஐ ஒட்டி. இல்லாத கோட்டையில் எப்படிப் பிறப்பது?

என் கணிப்பு இது: ஸ்வாபியாவிலிருந்து வந்தவர்கள் என்ற நினைவு உண்மையாக இருக்கலாம். கோட்டையும் பேரரசரும் பின்னால் சேர்ந்த அலங்காரம். 13-ஆம் நூற்றாண்டில் குலம் செழித்தபோது, 'பேரரசர் நமக்கு உறவு' என்று சொல்லிக்கொள்ள யாருக்குத்தான் ஆசை இருக்காது?

குலம் என்றால் நம்ம பங்காளிகள் மாதிரியா?

கிட்டத்தட்ட. ஆண்வழியில் ஒரே முன்னோர் என்று நம்புகிறவர்கள். பத்திரங்களில் 'குட்கெலெட் குலத்தைச் சேர்ந்த இன்னார்' என்று லத்தீனில் குறிப்பார்கள். ஒரு கிளையில் வாரிசு அற்றுப்போனால் நிலம் மற்றக் கிளைக்குப் போகும். 1351-இல் அரசர் முதலாம் லாயோஷ் இதைச் சட்டமாகவே ஆக்கினார். உயில் எழுதி வெளியாளுக்குக் கொடுக்க முடியாது. 1848 வரை இந்தப் பிடி தளரவில்லை.

ஆனால் நடைமுறையில் அவர்களைச் சேர்த்துக் கட்டியது இரண்டு விஷயங்கள். ஒன்று குல மடம். குட்கெலெட்டுகளுக்கு அது சத்மார் பகுதியில் இருந்த ஷார்வார். அங்கேதான் முன்னோரைப் புதைப்பது. மடத்தின் மீதான புரவலர் உரிமையும் குலத்துக்கே. இன்னொன்று கேடயச் சின்னம்: சிவப்புப் பரப்பில் பக்கவாட்டிலிருந்து நீளும் மூன்று வெள்ளை ஆப்புகள். நிலத்தைப் பிரித்துக்கொண்டவர்கள்கூட ஆப்பை விடவில்லை. பெயரே மாறிய ஒரு குடும்பத்தை எப்படிக் குலத்தோடு சேர்ப்பது என்று கேட்டால், முதலில் கேடயத்தைப் பாருங்கள் என்பேன்.

குலத்தில் பெரிய ஆள் யார்?

அதிகாரத்தில் இஷ்த்வான். அரசர் நான்காம் பேலா காலத்தில் 1248 முதல் பத்து வருடங்களுக்கு மேல் ஸ்லவோனியாவின் (இன்றைய குரோஷியாவில்) பான், அதாவது ஆளுநர். இடையில் இன்றைய ஆஸ்திரியாவில் உள்ள ஸ்டிரியாவையும் அரசருக்காக நிர்வகித்தார்.

பேசப்பட்டதில் அவர் மகன் யோவாகிம்தான். 1272 கோடைக்காலம். ஐந்தாம் இஷ்த்வான் அரசர் தெற்கே பயணத்தில் இருக்கிறார். யோவாகிம் பட்டத்து இளவரசன் லாஸ்லோவைக் கடத்திக் கப்ரொன்சா கோட்டைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டார். பையனுக்குப் பத்து வயதுதான். அரசர் கோட்டையை முற்றுகையிட்டும் மகனை மீட்க முடியவில்லை. நோயில் விழுந்து ஆகஸ்ட் 6 அன்று இறந்தே போனார். அப்புறம் என்ன நடந்தது என்று நினைக்கிறீர்கள்? யோவாகிமுக்குத் தண்டனையா? பையனுக்கு முடி சூட்டினார்கள். யோவாகிம் உயர்பதவியில் அமர்ந்தார். 1277-இல் பபோனிச் என்ற ஸ்லவோனியப் பிரபுக் குடும்பத்தோடு நடந்த சண்டையில்தான் அவர் கதை முடிந்தது.

பாத்தோரி எங்கே வந்து சேர்கிறது? நாகத்தைக் கொன்ற கதை உண்மையா?

கதைப்படி, வித் என்ற வீரன் எச்செட் சதுப்பு நிலத்தில் ஒரு பறவைநாகத்தை மூன்று ஈட்டிக் குத்தில் கொன்றான். கேடயத்தில் இருப்பவை அதன் பற்கள். 'பாத்தோர்' என்றால் ஹங்கேரிய மொழியில் துணிச்சலானவன், ஆகவே அந்தப் பெயர். நன்றாகத்தான் இருக்கிறது.

பத்திரம் வேறு சொல்கிறது. பாத்தோர் என்ற ஊர் வாரிசில்லாமல் அரசரிடம் திரும்பியது. 1279-இல் நான்காம் லாஸ்லோ, அதாவது அன்று கடத்தப்பட்ட அதே பையன், போர்ச்சேவைக்காக, குட்கெலெட் குலத்தின் ஒரு கிளையைச் சேர்ந்த சிலருக்கு அதைக் கொடுத்தார். அவர்களில் ஒருவரான பிரிக்சியுஸ், 1310-இல் உறவினரோடு பாகம் பேசி ஊரைத் தனதாக்கிக்கொண்டு, 'பாத்தோர்க்காரர்' என்று தன்னைச் சொல்லத் தொடங்கினார். பெயர் நாகத்திடமிருந்து வரவில்லை, ஊரிடமிருந்து வந்தது. நாகப்பற்கள் என்பவையும் பழைய குல ஆப்புகளே. இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை: பாகம் பிரித்துக்கொண்ட அந்த உறவினர்களில் ஒருவர் பெயரும் வித்தான்!

அதற்குள்ளும் கிளையா?

பிரிக்சியுஸ் வழியில் எச்செட் கிளை, ஷொம்யோ கிளை என இரண்டு முக்கியமானவை. எச்செட் கிளை 1605-இல் அற்றுப்போனது. ஷொம்யோ இன்று ருமேனியாவில் இருக்கிறது. 1571-இல் டிரான்சில்வேனியாவை ஆளத் தொடங்கி 1576-இல் போலந்து அரசரான இஷ்த்வான் பாத்தோரி அந்தக் கிளை. (பாத்தோரிகள் மட்டும்தான் குட்கெலெட் என்று எண்ணிவிடாதீர்கள். கிஷ்வார்தாவின் வார்தாய்களும் அதே குலம்தான்.)

இரத்தக் கோமாட்டி எர்ஷேபெத்தை விட்டுவிட்டீர்களே!

எல்லோரும் கேட்பீர்கள் என்று தெரியும். இளம்பெண்களைக் கொன்றார் என்ற குற்றச்சாட்டுகள் எவ்வளவு உண்மை என்ற சண்டைக்குள் நான் போகவில்லை, அது தனிக் கடல். உறவுமுறையை மட்டும் சொல்கிறேன். 1560-இல் பிறந்தவர். அப்பா எச்செட், அம்மா ஷொம்யோ. இருநூறு வருடங்களுக்கு மேலாகப் பிரிந்திருந்த இரண்டு கிளைகள் அவர் வீட்டில் மறுபடி சேர்ந்தன. போலந்து அரசர் இஷ்த்வான் அவருக்குத் தாய்மாமன்.

இப்போது வாரிசு யாராவது?

பாத்தோரி ஆண்வழி 17-ஆம் நூற்றாண்டிலேயே முடிந்துவிட்டது. 1613-இல் டிரான்சில்வேனியாவை ஆண்ட காபோர் பாத்தோரி வாராத் நகரில் கொல்லப்பட்டார். பெயரைக் கடைசியாகச் சுமந்தவர் ஜோஃபியா, 1680-இல் இறந்தார். ஆனால் அவர் மணந்தது இரண்டாம் கியோர்கி ராகோசியை. 1703 முதல் 1711 வரை ஹாப்ஸ்பர்க் அரச வம்சத்தை எதிர்த்துப் போரிட்ட இரண்டாம் ஃபெரென்ஸ் ராகோசி, ஜோஃபியாவின் பேரன்.