70 சென்ட் விளை, 21 சென்ட் மண்

கேள்வி: குமரி மாவட்டம் அருமனை பக்கம் 70 சென்ட் விளை (மேட்டுத் தோட்டம்). பழைய ரப்பரை வெட்டிவிட்டுப் போன வருஷம் ஏத்தன் (நேந்திரன்) வாழை வைத்தேன். ஒன்றரை அடிக்குக் கீழே கடப்பாரை இறங்கவில்லை, மேலே இருப்பதிலும் பாதி சரல் (சரளைக்கல்). மண் பரிசோதனையில் சாம்பல் சத்து (பொட்டாஷ்) 'நடுத்தரம்' என்று வந்தது, ஆனாலும் அடி இலைகளின் ஓரம் கருகுகிறது. மாசியில் வாழை மொத்தமும் துவண்டுவிட்டது. ஜேசிபி விட்டுச் சரலை வாரிவிட்டு லாரி மண் அடிக்கலாமா? தென்னை வருமா?

பதில்: முதலில் ஜேசிபிக்காரரிடம் வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சரல்விளை, சரலூர் என்று ஊருக்கே சரலை வைத்துப் பெயரிட்ட மாவட்டம் இது, சரலோடு பிழைக்கத் தெரியாமலா இருந்திருப்பார்கள்? நானும் ஒரு சித்திரையில் ஆள் வைத்துக் கால் ஏக்கர் சரலைப் பொறுக்கி வெளியே தள்ளியிருக்கிறேன். ஆனி மழையில் துளி நேராக மண்ணில் அடித்து, விளை மேலே ஓடு மாதிரி இறுகி, மிச்ச மண்ணும் சிவப்புத் தண்ணியாக ஓடையில் போனது. மேலே கிடக்கிற சரல் மண்ணுக்குக் குடை, வெயிலில் ஈரத்தையும் கொஞ்சம் பிடித்து வைக்கும். லாரி மண்ணும் அப்படித்தான், சரிவில் கொட்டினால் ஒரு மழைக்கு மேல் தாங்காது.

உங்கள் சிக்கல் வேறு. ஒரு வேலை செய்து பாருங்கள். ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழத்தில் மண்ணை எடுங்கள், அது ஏறக்குறைய 28 லிட்டர் கொள்ளளவு. 2 மில்லிமீட்டர் கண்ணுள்ள அரிப்பில் (சல்லடையில்) சலியுங்கள். அரிப்பில் நிற்கும் சரலை ஒரு நாள் ஊறவைத்து, நீர் வடித்து, விளிம்பு வரை தண்ணீர் நிறைத்த வாளியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, வழிகிற தண்ணீரை அளந்துகொண்டே வாருங்கள். மொத்தம் 11 லிட்டர் வழிந்தது என்று வைத்துக்கொள்வோம், அப்படியானால் இடத்தில் நூற்றுக்கு 40 பங்கு கல். 3 அடி இருக்க வேண்டிய ஆழம் ஒன்றரை அடிதான், அதிலும் 40 பங்கு கல் என்றால், நல்ல மண்ணில் பத்தில் மூன்று பங்குதான் உங்களிடம் இருக்கிறது. பட்டாவில் 70 சென்ட், மண்ணாகப் பார்த்தால் 21 சென்ட்!

இப்போது பரிசோதனைச் சீட்டைப் பாருங்கள். ஆய்வகத்தில் மண்ணை 2 மில்லிமீட்டர் அரிப்பில் சலித்து, கீழே விழுந்த பொடியைத்தான் சோதிப்பார்கள், சரல் கணக்கிலேயே வராது. பொடியில் சாம்பல் சத்து நடுத்தரம், சரி. ஆனால் வாழை வேருக்கு எட்டுகிற பொடியே குறைவாயிற்றே. வெயில் காலத்தில் ஈரமும் இல்லாதபோது இருக்கிற சத்தையும் வேரால் எடுக்க முடியாது. அதனால்தான் இலை ஓரம் கருகுகிறது.

சின்னப் பாத்திரத்தில் ஒரே தடவையாக ஊற்றினால் வழியத்தான் செய்யும். மூன்று தடவையில் போடுகிற உரத்தை ஆறாகப் பிரித்துப் போடுங்கள், மழை கொட்டுகிற வாரத்தில் யூரியாவைத் தொடவே வேண்டாம். தண்ணீரும் அப்படியே, வாரத்துக்கு ஒருமுறை நிறைய விடுவதற்குப் பதில் அதே அளவைப் பிரித்துச் சொட்டுநீரில் தினமும். ரப்பர் நின்ற செம்மண் பெரும்பாலும் அமிலமாகப் புளித்திருக்கும், அதில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தை (பாஸ்பரஸை) பிடித்துவைத்துக்கொள்ளும், ஆகவே சூப்பர் பாஸ்பேட்டை விட ராக் பாஸ்பேட் தோது. சீட்டில் கார அமில அளவு 5.5-க்குக் கீழே இருந்தால் டோலமைட் போடலாம், அதையும் முழு 70 சென்டுக்கு அல்ல, சரலைக் கழித்துக் கணக்குப் போட்டு. சருகையும் சீமைக்கொன்னைத் தழையையும் வாழை மூட்டில் மூடிப் போட்டால் இந்த மண்ணுக்கு அதுதான் பாதி வைத்தியம்.

தென்னை வருமா என்பது கீழே இருப்பதைப் பொறுத்தது. கடப்பாரை 'ணங்' என்று தெறித்துப் பொறி பறந்தால் கருங்கல், அங்கே தென்னை வேண்டாம், கொல்லாமாவு (முந்திரி) வையுங்கள், இடையில் சரிவுக்குக் குறுக்கே அன்னாசி வரிசை. மஞ்சளும் சிவப்புமாகப் பெயர்ந்து வந்தால் வெட்டுக்கல் (செம்புரைக்கல்), அதில் தென்னை வைக்கலாம். 4 அடி நீளம், அகலம், ஆழத்தில் ஐப்பசி மழையோடு குழி எடுத்து, அடியில் 2 கிலோ கல் உப்பு போட்டு விடுங்கள், ஆறு மாசத்தில் அடி இளகும். வாழை நிற்கிற இடத்தில் மட்டும் உப்பு ஆகாது. வைகாசிக் கடைசியில், குழியின் அடியில் கதம்பையை (தேங்காய் மட்டையை) அதன் குழிந்த உட்பக்கம் மேலே பார்க்க இரண்டு அடுக்கு அடுக்கி, மேல்மண்ணும் சாணிப்பொடியும் சாம்பலும் கலந்து பாதிக்குக் கொஞ்சம் மேலே நிரப்பி நடுங்கள். ஏத்தனை இனி விளையின் தாழ்ந்த பக்கம், மண் ஆழமாகச் சேர்ந்த இடத்தில் மட்டும் வையுங்கள். மரச்சீனி (மரவள்ளி) ஆசை இருந்தால் சரிவில் வேண்டாம், கிழங்கு பிடுங்கும்போது மண்ணும் சேர்ந்து கிளம்பிவிடும்.

குழியில் வருகிற வெட்டுக்கல்லை யாராவது விலை கேட்டால் கொடுத்துவிடாதீர்கள், கீழ்ச்சரிவில் மண்ணைத் தடுக்கும் கையாலை (கல்வரப்பு) இடிந்து கிடக்கும் பாருங்கள், அதற்கு வேண்டும்.