காந்த நடுக்கோட்டைத் தாண்டி வரும் பறவைகள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். சிங்கப்பூர் துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் பொறியாளராக இருக்கிறேன். இங்குள்ள சுங்கை பூலோ சதுப்புநிலத்துக்கு வரும் வலசைப் பறவைகளைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை மகளுக்குப் படித்துக் காட்டினேன். உயர்நிலை நான்கில் படிக்கிறாள். பறவையின் கண்ணில் உள்ள ஒரு புரதத்தில் எலக்ட்ரான்களின் ஸ்பின்னை (அவற்றைச் சின்னக் காந்தங்களாக்கும் சுழற்சிப் பண்பை) பூமியின் காந்தம் மாற்றுகிறது, அதை வைத்துப் பறவை திசை அறிகிறது என்று எழுதியிருந்தீர்கள்.

எனக்கு இதில் முழு நம்பிக்கை வரவில்லை. பூமியின் காந்தப்புலம் மிகவும் பலவீனமானது. உயிருள்ள உடலின் சூட்டில் மூலக்கூறுகள் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கும்போது அந்தச் சின்ன விசை எப்படி எடுபடும்? மகளின் சந்தேகங்கள் வேறு. "பாதித் திசைகாட்டியால் பறவைக்கு என்ன பயன்? முழுதாக உருவாகும்வரை பரிணாமம் காத்திருந்ததா?" என்கிறாள். சிங்கப்பூர் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் இங்கே காந்தக் கோடுகள் தரைக்கு இணையாகத்தானே இருக்கும், பறவை குழம்பாதா என்றும் கேட்கிறாள்.

இன்னொன்று. கைப்பேசிக் கோபுரங்களால் பறவைகள் வழிதவறிச் சாகின்றன என்று எங்கள் புளோக் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. உண்மையா?

ஈசூனிலிருந்து ஒரு வாசகர்

*

அன்புள்ள தம்பி,

உங்கள் மகளின் நடுக்கோட்டுக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். கடிதத்திலேயே ஆழமான கேள்வி அதுதான். ஆய்வாளர்களும் அதில் பல ஆண்டுகள் செலவிட்டிருக்கிறார்கள்.

பூமியின் காந்தத்துக்குத் தனியாக ஒரு நடுக்கோடு உண்டு. வரைபடத்தில் நாம் பார்க்கும் நடுக்கோட்டோடு அது ஒத்துப்போகாது. 1963இல் இந்தியாவின் முதல் ராக்கெட்டை ஏவக் கேரளத்தின் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே அந்த ஊர் காந்த நடுக்கோட்டை ஒட்டி இருந்ததுதான். திருநெல்வேலியில் புவிகாந்த ஆய்வுக்கூடம் இருப்பதும் அதே காரணத்தால். அந்தக் கோடு இந்தியாவின் தென்முனையைத் தொட்டுக் கடலைக் கடந்து, தாய்லாந்தின் தென்பகுதி வழியாகக் கிழக்கே போகிறது. நாம் அதற்கும் தெற்கே இருக்கிறோம். ஆக, வரைபடப்படி சிங்கப்பூர் வட அரைக்கோளத்தில் 1.3 டிகிரியில் இருக்கிறது, காந்தத்தின் கணக்கிலோ நாம் தெற்கத்திக்காரர்கள். இங்கே காந்தக் கோடுகள் தரைக்கு இணையாக இல்லை. வடக்கே போகப் போகத் தரையிலிருந்து வானை நோக்கிச் சுமார் 13 டிகிரி மேலே ஏறுகின்றன. காந்த ஊசியை நடுவில் கட்டி எல்லாப் பக்கமும் திரும்பும்படி தொங்கவிட்டால், அதன் வடமுனை சற்றே வானைப் பார்க்கும்.

பறவைக்கு இந்தச் சாய்வுதான் முக்கியம். 1972இல் பிராங்க்பர்ட்டைச் சேர்ந்த வோல்ஃப்காங் வில்ட்ஷ்கோ, ரோஸ்விதா வில்ட்ஷ்கோ தம்பதியர் ஐரோப்பிய ராபின் என்ற சின்னப் பறவைகளைக் கம்பிச் சுருள்களுக்கு நடுவே வைத்துச் சோதித்தார்கள். காந்தப்புலத்தை வட-தென் முனைகளோடு முழுதாகத் தலைகீழாக்கினார்கள். பறவை அசரவில்லை, பழைய பக்கமே போக முயன்றது. சாய்வை மட்டும் மாற்றியபோது எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது. அப்படியானால் பறவைக்கு வடக்கும் தெற்கும் தெரியாது. காந்தக் கோடு எந்தப் பக்கம் கீழே சாய்கிறது என்பதை வைத்து, துருவம் இந்தப் பக்கம், நடுக்கோடு அந்தப் பக்கம் என்று மட்டுமே அதற்குத் தெரியும்.

இப்போது சைபீரியாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறக்கும் ஒரு பறவையை நினைத்துப் பாருங்கள். தாய்லாந்து வரைக்கும் அது நடுக்கோட்டை நோக்கிப் போக வேண்டும். அதைத் தாண்டியதும் துருவத்தை நோக்கிப் போக வேண்டும். பறப்பது ஒரே தெற்குதான், ஆனால் உள்ளே இருக்கும் கட்டளை நேர் எதிராக மாற வேண்டும். கோட்டின் மேலேயே இருக்கும்போது சாய்வு சுழியம், திசைகாட்டி எதையும் சொல்லாது. வில்ட்ஷ்கோ தம்பதியர் 1992இல் இதையும் சோதித்தார்கள். ஆப்பிரிக்காவின் தெற்குவரை போகும் தோட்டக் கதிர்க்குருவிகளைக் கிடைமட்டமான காந்தப்புலத்தில் வைத்திருந்து, மறுபடி ஐரோப்பியப் புலத்தில் விட்டார்கள். அவை திசையை மாற்றிக்கொண்டு துருவத்தை நோக்கிப் போக முயன்றன. நடுக்கோட்டைக் கடந்துவிட்டோம் என்று முடிவுகட்டிவிட்டன! சாய்வில்லாத புலத்தை உணர்வதே கட்டளையை மாற்றும் குறிப்பாக இருக்கிறது. எனக்கு இந்த ஆய்வு முழுவதிலும் மிகவும் பிடித்த இடம் இதுதான். மகளிடம் இதைத் தவறாமல் சொல்லுங்கள்.

நட்சத்திரங்களும் மறையும் சூரியனும் பறவைக்குத் துணையாக இருக்கின்றன. ஒன்று பேசாத இடத்தில் இன்னொன்று பேசும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்கள் சந்தேகம் மிகச் சரியானது. சிங்கப்பூரில் காந்தப்புலம் சுமார் 42 மைக்ரோடெஸ்லா. ஓர் எலக்ட்ரானின் ஸ்பின்மேல் அது செலுத்தும் ஆற்றல், உடல் சூட்டில் மூலக்கூறு அதிரும் ஆற்றலைவிடப் பல லட்சம் மடங்கு சிறியது. காந்தம் மூலக்கூறைப் பிடித்துத் தள்ளித் திருப்ப வேண்டும் என்றால் நடக்கவே நடக்காது. இங்கே காந்தம் எதையும் தள்ளுவதில்லை. வேலைக்கான ஆற்றல் ஒளியிலிருந்து வருகிறது.

கிரிப்டோகுரோம் என்ற புரதத்தில் நீல ஒளி படும்போது, ஓர் எலக்ட்ரான் தன் இடத்தை விட்டுத் தாவுகிறது. முன்பு இணையாக இருந்த இரண்டு எலக்ட்ரான்கள் இப்போது புரதத்தின் இரண்டு மூலைகளில் தனித்தனியாக நிற்கின்றன. பிரிந்த கணத்தில் அவற்றின் ஸ்பின்கள் ஒன்றுக்கொன்று எதிராக இருக்கும். பக்கத்தில் உள்ள ஹைட்ரஜன், நைட்ரஜன் அணுக்கருக்களின் காந்தமும் பூமியின் காந்தமும் சேர்ந்து அவற்றைச் சுழற்ற, இணை ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குப் போய்ப் போய் வருகிறது. எந்த நிலையில் இருக்கும்போது வேதிவினை முடிகிறதோ அதைப் பொறுத்து விளைபொருள் மாறும். ரயிலை ஓட்டுவதற்குப் பெரிய ஆற்றல் வேண்டும், அது எந்தத் தண்டவாளத்தில் போக வேண்டும் என்று மாற்றிவிடும் கட்டைக்கு அவ்வளவு வேண்டாம். பூமியின் காந்தத்துக்கு இங்கே அந்தக் கட்டையின் வேலைதான்.

சூடு ஏன் இதைக் கெடுக்கவில்லை என்றால், ஸ்பின் மூலக்கூறின் அதிர்வோடு மிக மெல்லிய தொடர்பே கொண்டது. அதிர்வு அதைக் கலைத்துவிட நேரம் பிடிக்கும். நம் ஊர் காந்தப்புலத்தில் ஓர் எலக்ட்ரானின் ஸ்பின் நொடிக்குச் சுமார் 12 லட்சம் முறை சுற்றிவரும். கலைவதற்குள் ஒரு மைக்ரோநொடி, அதாவது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, கிடைத்தாலே ஒரு சுற்று முடிந்துவிடும். இந்த 12 லட்சத்தை நினைவில் வையுங்கள், கோபுரத்துக்கு வரும்போது தேவைப்படும்.

இந்தப் பாதையைக் கிளாவுஸ் ஷுல்டன் 1978இலேயே முன்வைத்தார். 2000இல் அவரும் தோர்ஸ்டன் ரிட்ஸும் கிரிப்டோகுரோமைச் சுட்டிக்காட்டினார்கள். 2021இல் ஆக்ஸ்ஃபோர்டின் பீட்டர் ஹோர், ஓல்டன்பர்க்கின் ஹென்ரிக் மௌரிட்சன் ஆகியோரின் குழு, ராபினின் கிரிப்டோகுரோம் 4 சோதனைக் குழாயில் காந்தத்துக்கு மசிகிறது என்று காட்டியது. வலசை போகாத கோழி, புறாவின் அதே புரதம் அந்த அளவுக்கு மசியவில்லை. இதெல்லாம் வலுவான சான்று. ஆனாலும், உயிருள்ள பறவையின் கண்ணுக்குள் இது நடந்து மூளைக்குச் சேதி போவதை இன்னும் யாரும் நேரில் காட்டவில்லை. பழ ஈக்களிடம் காந்த உணர்வு இருப்பதாகச் சொன்ன பழைய ஆய்வுகளை 2023இல் ஏறத்தாழ ஒரு லட்சம் ஈக்களை வைத்து மறுபடி செய்து பார்த்தபோது எதுவும் கிடைக்கவில்லை. சோதிக்கப்பட்டவை பெரும்பாலும் சின்னப் பாட்டுப் பறவைகள். சுங்கை பூலோவுக்கு வரும் உள்ளான் போன்ற கரைப்பறவைகளுக்கும் இதே கதைதான் என்று அடித்துச் சொல்ல முடியாது.

மகளின் "பாதித் திசைகாட்டி" கேள்விக்கு விடை அந்தப் புரதத்தின் குடும்பத்திலேயே இருக்கிறது. கிரிப்டோகுரோம்களின் மூதாதைகள், நீல ஒளியைப் பயன்படுத்தி டிஎன்ஏவில் ஏற்பட்ட சேதத்தைச் சரிசெய்யும் நொதிகள். சூரிய ஒளியால் வந்த காயத்தைச் சூரிய ஒளியை வைத்தே ஆற்றியவை. அந்த வழியில் வந்த புரதங்கள் செடிகளில் ஒளி உணர்கின்றன, விலங்குகளில் பகல்-இரவு கடிகாரத்தை ஓட்டுகின்றன. எலக்ட்ரான் தாவுவது திசைகாட்டிக்காக வந்த ஏற்பாடே இல்லை, அதற்கு வெகு முன்பிருந்தே இருக்கிறது. அதனால் பறவையிடம் ஒருபோதும் பாதித் திசைகாட்டி இருந்ததில்லை. முழு வேலை செய்துகொண்டிருந்த ஓர் ஒளியுணர் புரதம் இருந்தது. அது காந்தத்தையும் லேசாக உணர்ந்திருந்தால், அந்த லேசான உணர்வே ஒரு பறவையைப் பக்கத்துப் பறவையைவிடக் கொஞ்சம் சரியாகப் பறக்க வைத்திருக்கும். பரிணாமத்துக்கு அது போதும். 363 பறவை இனங்களின் மரபணுத் தொகுதிகளை அலசியதில், கிளிகளும் தேன்சிட்டைப் போன்ற ஓசனிச்சிட்டுகளும் கிரிப்டோகுரோம் 4ஐ இழந்துவிட்டது தெரிந்தது. பரிணாமத்தில் வந்தது போகவும் செய்கிறது.

சாய்வை மட்டும் பார்க்கும் திசைகாட்டிக்கு இன்னொரு லாபம் உண்டு. பூமியின் காந்த முனைகள் கடைசியாக இடம் மாறி நிலைத்தது சுமார் 7,80,000 ஆண்டுகளுக்கு முன்பு. வடமுனையை மட்டும் நம்பிய பறவை அன்று எதிர்த்திசையில் போயிருக்கும். சாய்வைப் பார்க்கும் பறவைக்கு முனை எது என்பதே பொருட்டில்லை.

அப்புறம் கோபுரங்கள். இந்த வதந்திக்குப் பின்னால் ஒரு நல்ல ஆய்வின் நிழல் இருக்கலாம். ஓல்டன்பர்க் பல்கலைக்கழக வளாகத்து மரக் குடில்களில் ராபின்கள் திசை தெரியாமல் தடுமாறின. குடில்களை அலுமினியத் தகட்டால் மூடித் தரையோடு இணைத்ததும் சரியாகிவிட்டன. 2014இல் வெளியான அந்த முடிவின்படி, தொல்லை தந்தது 50 கிலோஹெர்ட்ஸுக்கும் 5 மெகாஹெர்ட்ஸுக்கும் இடையிலான மின்காந்த இரைச்சல். மின்கருவிகளும் மத்திய அலை வானொலியும் எழுப்புவது. ஸ்பின் சுற்றும் அந்த 12 லட்சம், அதாவது 1.2 மெகாஹெர்ட்ஸ், இதற்குள்தான் வருகிறது. கைப்பேசிக் கோபுரங்கள் இயங்குவது பல நூறு மெகாஹெர்ட்ஸிலும் அதற்கு மேலும். அந்த ஆய்வு அவற்றைக் குற்றம் சொல்லவில்லை. எந்தப் பறவையும் செத்ததாகவும் சொல்லவில்லை. இதைக் குழுவில் போட்டுவிடுங்கள், தயவுசெய்து. ஏனென்றால் இங்கே பறவைகள் எதனால் சாகின்றன என்று நமக்குத் தெரியும். தமிழ்நாட்டில் காணும் ஆறுமணிக்குருவியின் உறவான நீலச்சிறகு பிட்டாக்கள் இரவில் வலசை வரும்போது கண்ணாடிச் சுவர்களில் மோதிக் கட்டடங்களின் காலடியில் விழுந்து கிடப்பது பதிவாகியிருக்கிறது. வழியில் மஞ்சள் கடலோரச் சேற்றுநிலங்கள் அணை கட்டியும் மண் கொட்டியும் மூடப்பட்டுவிட்டன. தென்கொரியாவில் சேமங்கும் கடல் தடுப்பு மட்டும் 33 கிலோமீட்டர் நீளம். அது 2006இல் மூடப்பட்டபோது எத்தனையோ பறவைகளின் சாப்பாட்டுத் தட்டு பறிபோனது. எலக்ட்ரான் சரியாகத் திசை காட்டி, பறவை சரியாக வந்து இறங்கும்போது அங்கே சேறு இல்லை. இதை எழுதும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது.

அதனால்தான் சுங்கை பூலோவைப் பற்றி விடாமல் எழுதுகிறேன். பழைய இறால் குளங்கள் அவை. 1993இல் பூங்காவாகத் திறக்கப்பட்டு, 2002இல் சட்டப்படி இயற்கை வனப்பகுதியானது. இங்கே குளிர்காலம் கழித்த கரைப்பறவைகளில் சில இமயமலையையே கடந்து போவதைச் செயற்கைக்கோள் கருவிகள் காட்டின, 2020இல் அது வெளியானது. அந்தப் பறவைகளுக்குச் சுங்கை பூலோ மட்டும் போதாது. கடல் வற்றும்போது அவை பக்கத்திலுள்ள மண்டாய் சேற்றுநிலத்தில் இரை தேடுகின்றன, கடல் ஏறும்போது சுங்கை பூலோ குளங்களுக்கு வந்து ஓய்வெடுக்கின்றன. இரண்டில் ஒன்று போனாலும் மற்றது பாதிப் பயனாகிவிடும். மண்டாயும் இயற்கைப் பூங்காவாகும் என்று 2018இல் அறிவித்தபோது நான் அவ்வளவு மகிழ்ந்ததற்கு இதுதான் காரணம்.

மகளை அழைத்துப் போவதென்றால் செப்டம்பரிலிருந்து மார்ச்சுக்குள், கடல் ஏறும் நேரம் பார்த்துப் போங்கள். வற்றும் நேரத்தில் போனால் வெறும் குளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும்.

அன்புடன்,
அக்கா