கேள்வி–பதில்: காலடியில் அமுங்கும் ஷவர் தட்டு

கேள்வி: எங்கள் குளியலறை மூலையில் ஃபைபரில் செய்த பழைய ஷவர் அறை இருக்கிறது. ஏறி நின்றால் அடித்தட்டு அமுங்குகிறது. ஓரத்து சிலிக்கோன் கறுத்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் படுக்கையறையில் ஓதம். அதே அளவில் புதியது வாங்கினால் ஒரே நாளில் மாற்றித் தருவதாகச் சொல்கிறார்கள். செய்யலாமா? மாமியாருக்கு முட்டிவலி, கால் தூக்கி உள்ளே போகச் சிரமப்படுகிறார்.

பதில்: ஒரே நாள் வேலைக்குச் சம்மதிக்காதீர்கள். எனக்குக் கவலை தருவது அந்த ஓதம்தான். தண்ணீர் எங்கே இறங்குகிறது என்று தெரியாமல் புதுத் தட்டை வைத்தால், கசிவை மூடி மறைத்ததாகத்தான் ஆகும்.

பிரிக்கும் முன்பே கண்டுபிடித்துவிடலாம். முதலில் வீட்டுக் குழாய்களை எல்லாம் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள். முள் நகர்ந்தால் சுவருக்குள் வரும் தண்ணீர்க் குழாயிலேயே கசிவு இருக்கலாம். நகராவிட்டால் ஷவரின் வடிகால் வாயை இறுக்கமாக அடைத்து, தட்டில் இரண்டு விரற்கடை தண்ணீர் கட்டி, மட்டத்தைப் பென்சிலால் குறித்து இரவு முழுக்க விடுங்கள். காலையில் நன்றாக இறங்கியிருந்தால் தட்டில் விரிசல், அல்லது வடிகால் வாயின் ஓரத்தில் கசிவு. இறங்கவில்லையா? தண்ணீரை வடிய விடுங்கள். அதன்பின் ஓதம் கூடினால் அடியில் கழிவுக் குழாய் இணைப்பைச் சந்தேகப்பட வேண்டும். எதிலும் பிடிபடாவிட்டால் பெரும்பாலும் சுவர் ஓரங்கள்தான்.

தட்டு அமுங்குவது பெரும்பாலும் அடியில் கலவை முழுதாகப் பரவாமல் வெற்றிடம் இருப்பதால்தான். ஒவ்வொரு மிதிக்கும் ஃபைபர் வளைந்து நிமிர, வடிகாலைச் சுற்றியுள்ள இணைப்பு மெல்ல மெல்லத் தளரும். அதனால் புதிதாகத் தட்டு வைத்தாலும் அடியில் கலவை நிரப்பித்தான் உட்கார வைக்க வேண்டும். நாலு மூலைக்கு மட்டும் முட்டுக் கொடுத்துவிட்டுப் போக விடாதீர்கள்.

ஆனால் மாமியாருக்காகத் தட்டே வேண்டாம் என்பேன். தரையோடு தரையாக, படி இல்லாமல் டைல்ஸ் போட்டுவிடுங்கள். வடிகாலை நோக்கி ஒரு மீட்டருக்கு சுமார் 2 செ.மீ. வாட்டம் இருக்கட்டும். சொரசொரப்பான சிறிய டைல்ஸ் நல்லது. இடைவெளிக் கோடுகள் அதிகம் இருப்பதால் கால் எளிதில் வழுக்காது. கைப்பிடியைச் செங்கல் சுவருக்குள் ஆழமாக இறங்கும் போல்ட்டில் மாட்டச் சொல்லுங்கள். உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் கைப்பிடியை நம்பி வயதானவர்களை நிற்க வைக்காதீர்கள். கதவு வெளிப்புறம் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே தடுத்துவிடும்.

ஒரே வார்ப்பாக இருக்கும் பழைய அறை குளியலறைக் கதவு வழியே வெளியே வராது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். ஃபைபர் தூள் கண்ணுக்கும் மூச்சுக்கும் ஆகாது. கண்ணாடியும் முகமூடியும் அவசியம். வடிகால் வாயில் துணி திணித்துவிடுங்கள். அப்புறம் சுவரைத் தட்டிப் பாருங்கள். பூச்சு வெற்றொலி தந்தால் அதைக் கொத்தி எடுத்து, காய விட வேண்டும். வெந்நீரையும் குளிர்நீரையும் கலந்து தரும் பழைய மிக்ஸரையும் குழாயையும் மாற்ற இதுதான் நேரம்.

டைல்ஸும், அவற்றின் இடைவெளியை நிரப்பும் கிரவுட்டும் தண்ணீரைத் தடுத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். தடுக்காது. தடுப்பது அவற்றுக்கு அடியில் பூசும் வாட்டர்ப்ரூஃபிங்தான். தரையிலும், ஷவர் தலை உயரம் வரை சுவரிலும், மூலைகளில் வலைத் துணி ஒட்டி, இரண்டு கோட் அடிக்கச் சொல்லுங்கள். அது காய்ந்ததும் வடிகாலை அடைத்து, வாசலில் தற்காலிகமாக ஒரு வரப்புக் கட்டி, 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பாருங்கள். மட்டமும் இறங்காமல், படுக்கையறைச் சுவரிலும் புது ஈரம் தெரியாமல் இருந்தால் மட்டுமே டைல்ஸ். வேலையாட்கள் அவசரப்படுத்துவார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள்.

கண்ணாடித் தடுப்புக்கு அளவு எடுப்பது டைல்ஸ் ஒட்டிய பிறகுதான். இதற்குப் போடும் டெம்பர்டு (சூடாக்கி உறுதியாக்கிய) கண்ணாடியைப் பின்னால் வெட்டவோ துளையிடவோ முடியாது.

இன்னொன்று. தொடக்கத்திலேயே ஷவர் குழாய்க்குத் தனி வால்வு போடச் சொல்லிவிடுங்கள். அதை மட்டும் மூடிவிட்டால், வேலை நடக்கும் நாட்களிலும் கழிப்பறையும் வாஷ்பேசினும் உங்களுக்குப் பயன்படும்.