வயிறு வலிக்கவில்லை, ஹீமோகுளோபினும் சரியாக இருக்கிறது. பிறகு எப்படி உள்ளே ரத்தக் கசிவு என்கிறார்கள்?

கேட்டவர் எழுதியிருந்தது இது: அப்பா மூட்டுவலிக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். இரண்டு நாளாக மலம் கறுப்பாகப் போகிறது. வயிற்று வலி துளியும் இல்லை. அவசரப் பிரிவில் பார்த்த ஹீமோகுளோபினும் சரிதான். ஆனாலும் “உள்ளே ரத்தம் கசிகிறது, எண்டோஸ்கோபி பார்க்கணும்” என்று சேர்த்துக்கொண்டார்கள். தேவையில்லாமல் பயமுறுத்துகிறார்களா?

பயமுறுத்தவில்லை. நான் எண்டோஸ்கோபி அறையில், அதாவது வாய்வழியாகக் கேமராக் குழாயை விட்டுப் பார்க்கிற அறையில், பதினோரு வருடமாகச் செவிலியர். மருத்துவர் குழாயைப் பிடித்திருப்பார், ஊசியும் கிளிப்பும் என் கையில் இருக்கும். வலி இல்லை, ரத்த அளவு சரி, மலம் மட்டும் கறுப்பு என்று வருகிறவர்கள் எங்களுக்குப் புதிதில்லை.

முதலில் ஹீமோகுளோபின். ஒரு செம்பு உப்புத் தண்ணீரில் பாதியைக் கீழே கொட்டிவிடுங்கள். மிச்சத்தில் உப்புக் கரிப்பு குறையுமா? குறையாது. மேலே நல்ல தண்ணீர் ஊற்றினால்தான் குறையும். ஹீமோகுளோபின் அளவும் அப்படித்தான். ரத்தம் முழுசாக வெளியேறும்போது மீதி ரத்தத்தின் அடர்த்தி அப்படியே இருக்கும். உடம்பு தன் நீரை ரத்தக்குழாய்க்குள் இழுத்துக்கொண்ட பிறகு, அல்லது நாங்கள் டிரிப் ஏற்றிய பிறகு, எண் இறங்கும். முழுசாக இறங்க ஒரு நாளுக்கு மேல்கூட ஆகலாம். அதனால் ஆரம்பத்தில் நாங்கள் அந்த எண்ணை நம்புவதில்லை. நாடி வேகமாக ஓடுகிறதா, எழுந்து உட்கார்ந்தால் பிரஷர் இறங்குகிறதா என்றுதான் பார்ப்போம். இன்னொன்று யூரியா. குடலுக்குள் கொட்டிய ரத்தமும் புரதம்தானே, அதையும் குடல் செரித்துவிடும், அந்தப் புரதத்தின் கழிவுதான் யூரியா. சிறுநீரகத்தின் வேலையைக் காட்டுகிற கிரியேட்டினின் சரியாக இருந்து யூரியா மட்டும் ஏறியிருந்தால் மேல்பக்கத்தில் எங்கோ கசிகிறது என்று சந்தேகம் வரும்.

அடுத்தது வலி. குடலுக்குத் தோல் மாதிரி உணர்ச்சி கிடையாது. உப்பினால் வலிக்கும், முறுக்கினால் வலிக்கும். உள்சுவரை வெட்டி எடுத்தால்கூடத் தெரியாது. சோதனைக்காகச் சதைத் துணுக்கு (பயாப்சி) எடுக்கும்போது யாரும் ‘ஐயோ’ என்றதில்லை. போதாததற்கு, புண்ணை உண்டாக்குகிற வலி மாத்திரையே புண்ணின் வலியையும் அமுக்கிவிடும். வயதானவர்களிடம் இது ரொம்பச் சகஜம்.

சரி, ரத்தம் எங்கிருந்து வருகிறது? இதற்கு உள்ளே இருக்கிற ரத்தக்குழாய்களின் போக்குவரத்து கொஞ்சம் தெரிய வேண்டும். வயிற்றின் பின்பக்கமாக இறங்கும் பெருந்தமனியின் முன்புறமிருந்து மூன்று கிளைகள் பிரிகின்றன. முதல் கிளை இரைப்பை, முன்சிறுகுடலின் ஆரம்பம், கல்லீரல், மண்ணீரல் இவற்றுக்கு. இரண்டாவது, மிச்சச் சிறுகுடல் முழுவதற்கும் பெருங்குடலின் முதல் பாதிக்கும் சற்று மேலாகவும். மூன்றாவது, அங்கிருந்து மலக்குடலின் மேல்பகுதி வரை. சும்மா படுத்திருக்கும்போதே இதயம் தள்ளுகிற ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்த வட்டாரத்துக்குப் போகிறது. இரைப்பைக்கு மட்டும் நாலாபக்கமிருந்தும் குழாய்கள் வந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. ஒன்று அடைத்தாலும் இரைப்பை அழுகாது. ஆனால் ஒன்று அறுந்தால் நாலாபக்கமிருந்தும் கொட்டும்.

முன்சிறுகுடல்தான் எங்கள் அறையில் அதிகம் பேசப்படுகிற இடம். டியோடினம் என்பார்களே, இரைப்பை முடிந்ததும் வருவது. அதன் முதல் பகுதிக்கு நேர் பின்னால் ஒரு பெரிய தமனி செங்குத்தாக இறங்குகிறது. புண் முன்சுவரில் வந்து ஆழமானால் ஓட்டை விழும். அவர் வயிறு பலகை மாதிரி இறுகி, அசையக்கூட முடியாமல் கத்திக்கொண்டு வருவார். அதே புண் பின்சுவரில் வந்தால் அரித்துக்கொண்டே போய்த் தமனியைத் தொடும். அவர் நடந்து வருவார், ‘கொஞ்சம் களைப்பாக இருக்கு, வேற ஒண்ணுமில்லை’ என்பார். இரண்டு புண்ணுக்கும் நடுவில் சில சென்டிமீட்டர்தான் தூரம். கத்துகிறவரை விட்டுவிட்டு யாரும் போக மாட்டார்கள். எனக்குப் பயம் எப்போதும் இரண்டாமவரைப் பற்றித்தான்.

அது திரையில் எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். பின்சுவரில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு குழி, அதன்மேல் கருஞ்சிவப்பாக ஒரு ரத்தக்கட்டி அப்பிக்கொண்டிருக்கும். நான் சிரிஞ்சால் தண்ணீரை அழுத்துவேன். கட்டி ஆடும், ஒரு பக்கம் பெயரும், விழும். ஒரு நொடி ஒன்றும் நடக்காது. அப்புறம் நாடித்துடிப்புக்கு ஏற்ப ரத்தம் பீறிட்டு, கேமராவின் கண்ணாடியே சிவந்துபோகும். முதலில் நன்றாக நீர்த்த அட்ரினலினைப் புண்ணைச் சுற்றி ஊசியில் ஏற்றுவோம். சுற்றிலும் வீங்கி, குழாய் சுருங்கி, வேகம் தணியும். பிறகு கிளிப், கசிகிற இடத்தைக் கவ்விப் பிடிக்கிற சின்ன உலோகக் கவ்வி. “திறங்க, இன்னும் கொஞ்சம் சுத்துங்க, மூடுங்க” என்பார் மருத்துவர். கைப்பிடியை இழுத்தால் சின்னதாக ஒரு ‘டக்’. தண்ணீர் அடித்துப் பார்ப்போம். திரும்பக் கசியவில்லை என்றால்தான் அறையில் யாராவது பேச ஆரம்பிப்பார்கள். இத்தனையும் நடக்கும்போது படுத்திருக்கிறவருக்கு அந்த இடத்தில் வலியே இல்லை.

இந்தப் புண்களுக்குப் பெரும்பாலும் இரண்டே காரணம். ஒன்று ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. இரைப்பை அமிலத்தில் எந்தக் கிருமியும் வாழாது என்று எல்லோரும் நம்பியிருந்த காலத்தில், 1984-இல் பாரி மார்ஷல் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் அதைத் தானே குடித்து, வயிற்றைக் கெடுத்துக்கொண்டு காட்டினார். 2005-இல் அவருக்கும் ராபின் வாரனுக்கும் நோபல் கிடைத்தது. இன்னொரு காரணம் வலி மாத்திரை. இரைப்பையின் சுவருக்குச் சளிப் பூச்சும் நல்ல ரத்த ஓட்டமும் தருகிற ஒரு பொருளின் உற்பத்தியையே அது நிறுத்திவிடுகிறது. சாப்பிட்டுவிட்டுப் போட்டால் ஒன்றும் செய்யாது என்பது பாதி உண்மைகூட இல்லை. மாத்திரை ரத்தத்தில் கலந்த பிறகும் அந்த வேலை நடக்கும்.

தமனி இல்லாமல் சிரையிலிருந்து வருகிற கசிவும் உண்டு, அது வேறு கதை. குடலிலிருந்து திரும்புகிற ரத்தம் நேராக இதயத்துக்குப் போகாது. கல்லீரல் வழியாகத்தான் போக வேண்டும். கல்லீரல் தழும்பேறிச் சுருங்கிவிட்டால், அடைபட்ட வாய்க்கால் வரப்பை உடைக்கிற மாதிரி, ரத்தம் உணவுக்குழாயின் அடிப்பகுதிச் சிரைகளுக்குள் ஏறி அவற்றை உப்ப வைத்துவிடும். அவை வெடித்தால் வாயால் வாளிவாளியாக வரும். அங்கே கிளிப் வேலைக்கு ஆகாது, ரப்பர் வளையம் போட்டுக் கட்டுவோம்.

கறுப்பு நிறம் ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். ரத்தம் மேல்பகுதியில் கசிந்து, அமிலத்திலும் கிருமிகளிலும் பட்டு, நிதானமாக இறங்கினால் கறுக்கும். 50 முதல் 100 மில்லி போதும். இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும். ஆனால் அது கெட்டியாக, கரும்பச்சையாக இருக்கும். கசிவென்றால் தார் மாதிரி ஒட்டும், பளபளக்கும், தண்ணீர் ஊற்றினாலும் சட்டென்று போகாது. வாடை தனி. கட்டிலைச் சுற்றிய திரைச்சீலையை விலக்குவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும்.

சிவப்பாக வந்தால் பெரும்பாலும் பெருங்குடல்: சுவரில் பிதுங்கிய சிறு பைகள், வயதானவர்களின் வலப்பக்கக் குடலில் வருகிற மெலிந்த குழாய் முடிச்சுகள், கட்டி, மூலம். மேலே பலமாகக் கொட்டினால் அதுவும் கறுக்க நேரமில்லாமல் சிவப்பாகவே வந்துவிடும். ‘மூலம்தான்’ என்று தாங்களே முடிவுகட்டி வருடக்கணக்கில் களிம்பு தடவியவர்களின் குடலில் கட்டியைப் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி இங்கே எழுத ஆரம்பித்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

அப்பாவுக்கு இப்போது: அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். வலி மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள். இதயத்துக்கு ஆஸ்பிரின் எடுக்கிறார் என்றால் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள், கேட்டுவிட்டுச் செய்யுங்கள். எண்டோஸ்கோபி முடிந்து வீட்டுக்கு வந்தபின்னும் சில நாள் கறுப்பாகவே போகலாம். குடலில் தங்கிய பழைய ரத்தம் அது. மறுபடி தலைசுற்றல், வியர்வை, படபடப்பு வந்தாலோ, புதிதாகத் தார் மாதிரிப் போனாலோ உடனே திரும்பி வர வேண்டும். கிளிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். புண் ஆற ஆற அது தானாகக் கழன்று, யாருக்கும் தெரியாமல் ஒரு நாள் மலத்தோடு போய்விடும். அதுவரை எம்ஆர்ஐ எடுக்க நேர்ந்தால் மட்டும், உள்ளே கிளிப் இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.