ஊரில் தனியாக இருக்கும் வயதான அம்மாவுக்கு எந்த ஸ்மார்ட் ஹோம் கருவிகள் உண்மையில் உதவும்? கேமரா வைக்கலாமா?

முதலில் வாங்கும் பொருளாகக் கேமரா வேண்டாம். என் அம்மா மாயவரத்தில் தனியாக இருக்கிறார், நான் பெங்களூரில். கூடத்தில் ஒரு கேமரா வைக்கட்டுமா என்று கேட்டதற்கு, "ஏண்டி, இது என்ன நகைக்கடையா?" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவர் பக்கம் நியாயமும் இருக்கிறது. நாள் முழுக்க அதை யார் உட்கார்ந்து பார்ப்பது?

நமக்குத் தெரிய வேண்டியதெல்லாம் அம்மா வழக்கம்போல் எழுந்து நடமாடுகிறாரா என்பதுதான். ஜப்பானில் சோஜிருஷி நிறுவனம் 2001-லேயே இதற்கு ஒரு வழி கண்டது. வெந்நீர் வைக்கும் மின்கெண்டிதான். வீட்டுப் பெரியவர் அதை எப்போது பயன்படுத்தினார் என்ற தகவல் பிள்ளைகளுக்கு மின்னஞ்சலில் போய்விடும். படமும் இல்லை, குரலும் இல்லை.

எங்கள் வீட்டில் அந்த வேலையை வாசல் கதவு செய்கிறது. கதவு சென்சார் என்று விற்பது ஒரு காந்தமும் ஒரு சின்னப் பெட்டியும்தான். கதவைத் திறந்தால் இரண்டும் விலகும், போனுக்குச் செய்தி வரும். அம்மா விடிந்ததும் வாசல் தெளிக்கக் கதவைத் திறப்பார். ஏழு மணிவரை திறக்காவிட்டால் எனக்கு எச்சரிக்கை வரும். வாங்கும்முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: "திறந்தால் சொல்" என்பது எல்லாச் செயலியிலும் உண்டு, "இத்தனை மணிக்குள் திறக்காவிட்டால் சொல்" என்பது எல்லாவற்றிலும் இல்லை. நமக்கு வேண்டியது இரண்டாவதுதான்.

சரி, எச்சரிக்கை வந்துவிட்டது. பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு நான் என்ன செய்வேன்? அம்மா போனை எடுக்காவிட்டால் எதிர்வீட்டு மாமியைக் கூப்பிடுவேன். அவரிடம் ஒரு சாவி இருக்கிறது. ஆனால் நம் ஊர்ப் பழைய கதவுகளில் ராத்திரி உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டால் வெளியே இருப்பவரிடம் சாவி இருந்தும் பயனில்லை. அதனால் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறக்கிற பூட்டாக மாற்றினோம், தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டோம். அம்மாவைச் சம்மதிக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆனாலும் நாங்கள் செய்ததில் உருப்படியான வேலை இதுதான் என்பேன். கூப்பிட்டால் ஓடிவரக்கூடிய ஒருவர் பக்கத்தில் இல்லாவிட்டால் சென்சாருக்குச் செலவழிப்பது வீண்.

அடுத்து விளக்கு. ராத்திரி பாத்ரூம் போகிற வழியில் ஆள் நடந்தால் தானாக எரியும் சின்ன விளக்குகள் வையுங்கள். உடல் சூட்டை உணர்ந்து எரிபவை, வைஃபையே தேவையில்லை, விலையும் குறைவு. ஸ்மார்ட் பல்பு பெரியவர்கள் வீட்டில் ஒத்துவராது. பழக்கத்தில் சுவர் சுவிட்சை அணைத்துவிடுவார்கள், அப்புறம் போனிலிருந்து என்ன தட்டினாலும் எரியாது. போனிலும் இயக்க வேண்டுமென்றால் சுவிட்ச் போர்டுக்குள் பொருத்தும் ஸ்மார்ட் மாட்யூல் என்ற சின்னக் கருவியைப் போடுங்கள், சுவிட்சும் பழையபடி வேலை செய்யும். பல மாட்யூல்களுக்கு நியூட்ரல் வயர் (மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி) வேண்டும், போர்டில் அது இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

குரலால் இயக்குவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. என் அம்மா அலெக்ஸாவிடம் ஆங்கிலம் பேசப்போவதில்லை. போனில் உள்ள கூகுள் அசிஸ்டன்ட்டுக்குத் தமிழ் புரியும், யாரையாவது அழைக்க அது போதும்.

விழுந்தால் கண்டுபிடிக்கும் கடிகாரம் நல்ல பொருள்தான். ஆப்பிள் வாட்ச்சில் 2018-ல் வந்த நான்காம் தலைமுறையிலிருந்து இந்த வசதி இருக்கிறது. பலமாக விழுந்து சுமார் ஒரு நிமிடம் அசையாமல் கிடந்தால் அதுவே அவசர எண்ணை அழைக்கும். ஆனால் தினமும் சார்ஜ் போட வேண்டும், கையிலும் கட்டியிருக்க வேண்டும். குளிக்கப் போகும்போது கழற்றி வைத்துவிடுகிற ஆளுக்கு, வழுக்கி விழ வாய்ப்புள்ள இடத்தில் அது உதவாது. அங்கே சுவரில் ஒரு கைப்பிடி அடித்துவிடுங்கள்.

சமையலறைக்கு கேஸ் கசிவு அலாரம் வாங்கினால் உயரத்தில் மாட்டாதீர்கள். சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது, கீழேதான் தேங்கும். கசிவு என்றால் எந்த சுவிட்சையும் தொடாமல், சன்னல் கதவைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906-ஐ அழைக்கச் சொல்லிக் கொடுங்கள்.

கடைசியாக, வைஃபை ரவுட்டருக்கு ஒரு சின்ன யூ.பி.எஸ். வாங்கிவிடுங்கள். கரண்ட் போனால் ரவுட்டரும் போகும், கதவைத் திறந்த செய்தி உங்களுக்கு வராது. இந்த சென்சார்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற அலைவரிசையில் வரும் வைஃபையில்தான் இணையும், ரவுட்டரில் அதை அணைத்து வைத்திருந்தால் போட்டுவிடுங்கள்.