கோவை எல் அண்ட் டி பைபாஸ் எந்த வழியாகப் போகிறது? எதற்காகப் போட்டார்கள்?

பைபாஸ் என்றால் ஊருக்குள் நுழையாமல் ஓரமாகச் சுற்றிப் போகும் சாலை. கோவையில் இது அவினாசி சாலையில் நீலாம்பூரில் பிரிந்து, சிந்தாமணிப்புதூரில் திருச்சி சாலையையும் அப்புறம் பொள்ளாச்சி சாலையையும் கடந்து, மதுக்கரையில் பாலக்காட்டுச் சாலையோடு சேர்கிறது. சுமார் 28 கிலோமீட்டர்.

காரணம் மலையில் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பெரிய இடைவெளி பாலக்காட்டுக் கணவாய்தான். சேலம், ஈரோடு பக்கமிருந்து கொச்சிக்குப் போகும் சரக்கு லாரிகளுக்கு அதுதான் வசதியான வாசல். அந்த நெடுஞ்சாலை (பழைய எண் 47, இப்போது 544) கோவை நகரத்தின் நடுவே போனது. கோவையில் எந்த வேலையும் இல்லாத லாரிகூட நகர நெரிசலில் நின்றாக வேண்டும். விருந்தாளி வந்திருக்கும் கூடத்தின் வழியே நெல்மூட்டையைத் தூக்கிப் போவது மாதிரி. வீட்டை ஒட்டி ஒரு சந்து இருந்தால் இரு பக்கமும் நிம்மதி.

1990களின் கடைசியில், தனியார் நிறுவனம் கட்டிச் சுங்கம் வசூலித்துக்கொள்ளும் முறையில் இது போடப்பட்டது. கட்டிய நிறுவனத்தின் பெயரே சாலைக்கு ஒட்டிக்கொண்டது. இருவழிச் சாலையாகவே விட்டதுதான் குறை என்பேன். முந்தும்போது கவனம் தேவை.

பைபாஸ் என்பதால் ஊரையே முழுதாகச் சுற்றி வரும் என்று பலர் நினைக்கிறார்கள். கிழக்கையும் தெற்கையும் மட்டுமே சுற்றுகிறது; மேட்டுப்பாளையம், ஊட்டி போகிறவர்களுக்கு இது வழியல்ல.