ஏற்காட்டுக் காபித்தூள் மின்னஞ்சலுக்குத் தலைப்பு எப்படி வைப்பது?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக் காபித்தூள் விற்கிறீர்கள், மின்னஞ்சலை யாரும் திறப்பதில்லை, தலைப்பை எப்படி எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள்.

பொருளையும் சேதியையும் முதல் சில சொற்களிலேயே வையுங்கள். செல்போன் திரையில் நீளத் தலைப்பு பாதியில் வெட்டுப்படும். ‘அன்பான வாடிக்கையாளர்களுக்கு ஓர் இனிய அறிவிப்பு’ என்று தொடங்கினால் காபி கண்ணிலேயே படாது. ‘புது அரபிகா வறுத்தாச்சு’ போதும்; அரபிகா என்பது காபி வகை. அறுவடை முடிந்து புதுக்கொட்டை வரும் சேதி, எந்தத் தள்ளுபடியையும்விடப் பெரிது என்பேன். விலையும் எடையும் தலைப்பை அடுத்து மங்கலாகத் தெரியும் முன்னோட்ட வரிக்குப் போகட்டும்.

அப்புறம், பதில் கடிதம்போலக் காட்ட ‘ரீ:’ போடவே போடாதீர்கள். ஏமாந்தவர் ஸ்பேமில் தள்ளிவிடுவார்.

இரண்டு தலைப்புகளில் குழப்பமா? பட்டியலில் கொஞ்சம் பேருக்குப் பாதிப்பாதியாக அனுப்பி, எது அதிகம் வாங்க வைக்கிறது என்று பாருங்கள். திறந்தவர் எண்ணிக்கையை நம்ப வேண்டாம். 2021இல் வந்த ஆப்பிள் மெயில் தனியுரிமை வசதி, திறக்காததையும் திறந்ததாகக் காட்டும்.